பிறந்த தேதியைப் பாருங்கள்: முகாம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ரேஷன் அட்டை பற்றி எழுதும்போது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களும் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களைப் படித்த பிறகு, இந்த இதழில் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தும்பலஅள்ளி அணை, நாகாவதி அணை, பாம்பாறு அணை என்று நம் பக்கத்து முகாம்கள் பல அணைக்கட்டுகளை ஒட்டியே இருக்கின்றன. அங்கே பதிவேடு பார்த்த பழக்கத்தில்தான் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் 1986 டிசம்பரில் மண்டபம் முகாமில் பிறந்தேன். பெற்றோர் 1984இல் மன்னாரிலிருந்து வந்தவர்கள். என் தம்பி 1991இல் பிறந்தவன். முகாமில் பிறந்த ஒரு பெண் திருச்சியில் வாக்களித்ததாகப் படித்தேன். எங்களுக்கும் அந்த உரிமை உண்டா? (பெயர் வேண்டாம், ஊத்தங்கரை வட்டம்)

உங்களுக்கு உண்டு அம்மா. தம்பிக்கு இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு பதில் எழுத எனக்கே மனம் வரவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். பெற்றோர் யார், எப்படி வந்தார்கள் என்ற கேள்வி அந்தக் காலத்துப் பிறப்புக்குக் கிடையாது. தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் மட்டுமே. 1.7.1987 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004க்குப் பிறகு இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

நீங்கள் படித்த செய்தி உண்மை. அந்தப் பெண்ணும் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர்தான். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022 ஆகஸ்டில் உத்தரவானது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். நீதிமன்றம் அவருக்குப் புதிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. பிறந்த அன்றே அவருக்கு இருந்ததை ஒப்புக்கொள்ளச் சொன்னது. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் யாரிடமும் சலுகை கேட்டு நிற்கவில்லை.

ஆனால் நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும்: பிறந்த தேதி, பதிவு செய்த தேதி. அலுவலகத்தில் முதலில் கண் போவது இரண்டாவதின் மேல்தான். 1986இல் பிறந்ததை 1995இல் பதிந்திருந்தால், ஏன் தாமதம் என்று கேட்பார்கள். தாமதப் பதிவுக்குக் கொடுத்த உத்தரவின் நகலையும் சேர்த்து வையுங்கள். சான்றிதழே இல்லை என்றால், பிறந்த இடத்துப் பதிவேட்டில் தேடிப் பிரதி தரும்படி விண்ணப்பியுங்கள். முகாமின் பழைய பதிவு, மருத்துவமனைச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் துணைச் சான்றுகள்.

மாற்றுச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் சேர்க்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது நம் ஊர்ப் பள்ளிகளில் பழைய வழக்கம். மற்றவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. 1987இல் பிறந்த முகாம் பிள்ளைக்கோ, ஜூன் 30க்கும் ஜூலை 1க்கும் நடுவே ஒரு நாடே இருக்கிறது. உங்கள் தேதி டிசம்பர் 1986 என்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் எல்லாத் தாள்களிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய இனம் என்ற இடத்தில் 'இலங்கை அகதி' என்று பள்ளியில் எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். உங்கள் குடியுரிமையைத் தலைமையாசிரியர் தீர்மானிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. வயது வந்த பிறகு நீங்களாகவே இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிந்திருக்கிறீர்களா? தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், பிரிவு 9இன்படி இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பதிந்திருந்தால், வழக்கறிஞரைப் பார்த்த பிறகே அடுத்த அடி.

பதியவில்லை என்றால் முதலில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நம் இரண்டு மாவட்டங்களும் மதுரைக் கிளையில் சேராது. சென்னையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: ஆதார் இருக்கிறதே என்று வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுத்துவிட வேண்டாம். ஆதார், இங்கே வசிப்பவர் என்பதற்கான அடையாளம் மட்டுமே. குடிமகன் என்று பொய் உறுதி கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950இன்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. அவர் நாளைக்கு முறைப்படி குடியுரிமை கேட்கும்போதும் அது குறுக்கே வந்து நிற்கும்.

நான் ஓசூர்க்காரி; இந்தியக் குடிமகள். 2001இல் வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே தங்கிக் காவல் நிலையப் பதிவில், இருக்கும் இலங்கைத் தமிழரைத் திருமணம் செய்துகொண்டேன். அவர் 1990இல் படகில் வந்தவர். மகன் 2003இல் பிறந்தான். மகள் 2010இல் பிறந்து பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளைகள் எந்த நாட்டவர்? என் குடியுரிமை போய்விடுமா? (ஒரு தாய், ஓசூர்)

உங்கள் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. வெளிநாட்டவரை மணந்ததால் ஒரு பெண்ணின் இந்தியக் குடியுரிமை போகாது.

மகன் இந்தியக் குடிமகன். மேலே சொன்ன 3.12.2004க்கு முன்பே பிறந்துவிட்டான். தாய் இந்தியர் என்ற ஒன்றே போதும். அவனை யாராவது முகாம் பிள்ளை என்று எழுதி வைத்திருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழும், அவனுடைய சான்றிதழில் தாயின் பெயராக உங்கள் பெயர் சரியான எழுத்தில் இருப்பதும் முக்கியம்.

மகள் விஷயம்தான் நெஞ்சை அடைக்கிறது. அவள் தந்தை கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர். குண்டுக்கும் தீக்கும் பயந்து படகேறுகிறவர் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றுவிட்டா வருவார்? ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர். அதனால் பிறப்பால் குடிமகள் என்று அவள் கேட்க முடியாது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் உதவாது. அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 9.1.2015 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாதது குறித்த விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. உங்கள் கணவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் குடியுரிமை தருவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மகளுக்கு ஒரு கதவு இருக்கிறது. பலரும் தட்டிப் பார்க்காத கதவு. குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(4): தனிப்பட்ட சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் இந்தியக் குடியாகப் பதியலாம். தாய் இந்தியர், அண்ணன் இந்தியர், பிறந்ததும் படித்ததும் ஓசூர் என்பதைவிடத் தனிப்பட்ட சூழ்நிலை என்ன வேண்டும்? விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து மத்திய உள்துறைக்கும் போகும். கிடைத்தே தீரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். முடிவு அவர்கள் கையில். ஆனால் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லவே முடியாது. பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நம் விவசாயிகளே கஷ்டப்படும்போது, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வீடு, அரிசி, மாதாமாதம் பணம் எதற்கு? எங்கள் வரிப்பணம்தானே? (ஒரு விவசாயி, பாலக்கோடு)

ஐயா, தக்காளியைப் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கிடைக்காமல் சாலையோரம் கொட்டிவிட்டு வருகிறவரின் கோபம் எனக்குப் புரியும். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி முகாமில் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. நாளுக்கு, நால்வருக்கும் சேர்த்து, நூற்றுப் பதினேழு ரூபாய் அளவில் வரும். அதற்கு முன் தலைவருக்கு 1,000தான்.

வீட்டைச் சொன்னீர்கள். முகாம் வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி. சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள். பூப்பெய்திய பெண், புதிதாக மணமான மகன், நோயாளித் தாய் எல்லோரும் அதே அறையில். முப்பதாண்டுக்கும் மேல் அப்படி இருந்தவர்களுக்கு, பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துக் கட்டுவதாக அரசு அறிவித்து, முந்நூறு சதுர அடியில் கட்டித் தர ஆரம்பித்தது. முந்நூறு சதுர அடி எவ்வளவு என்று உங்கள் மாட்டுக் கொட்டகையை அளந்து பாருங்கள்.

அந்தப் பணத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கும் புது வீடுகளுக்கும் சாரம் கட்டி வர்ணம் அடித்த கைகள் யாருடையவை என்று ஒரு மேஸ்திரியைக் கேளுங்கள். சம்பாதித்தாலும் அவர்கள் விருப்பம்போல் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. இலங்கைக் குடிமக்களுக்கு அதற்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பிள்ளையைச் சட்டம் படிக்க வைத்தாலும், வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது குடியுரிமை கேட்பார்கள். சோப்பு வாங்கினாலும் பாக்கெட் பருப்பு வாங்கினாலும் உங்களைப் போலவே வரி கட்டுகிறார்கள். தக்காளிக்கு நியாய விலை வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நானும் சேர்ந்து நிற்கிறேன். அதை இவர்களிடமிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

கணவர் பெயிண்டிங் வேலைக்காக ஓசூர், பெங்களூரு என்று வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார். பதிவை வெட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (முகாம் வாசகி, தருமபுரி மாவட்டம்)

பயம் நியாயமானது. பதிவு வெட்டுப்பட்டால் பணக்கொடை மட்டும் நிற்பதில்லை. இத்தனை வருடம் இங்கே இருந்தார் என்பதற்கான தொடர்ச்சியும் அறுந்துபோகிறது. பிறகு மறுபதிவுக்கு ஆட்சியர் அலுவலகம், கியூ பிரிவுக் காவல்துறை என்று நடக்க வேண்டும்.

முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங் அன்று மேசையில் திறந்து வைக்கும் பதிவேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், மேலே குடும்பப் புகைப்படம், கீழே பெயர்கள், வந்தவர் நேராகக் கையெழுத்து அல்லது கைரேகை. வராதவரின் கட்டத்தில் சிவப்பு மை. அந்தச் சிவப்புக்கு நேராக ஒரு காரணக் குறிப்பு இருந்தால் அது விடுப்பு. குறிப்பு இல்லாவிட்டால் அவர் ஆள் இல்லாதவர். ஆகவே போவதற்கு முன் முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள்: எங்கே, என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தொடர்புக்கு எந்த எண். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக "சொல்லிவிட்டேன் சார்" என்பது, அந்த அதிகாரி மாறிப்போன மறுநாள் செல்லாது.

முகாமில் வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்கு இன்னும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை. மூன்று வயதாகிறது. (ஒரு தந்தை, பென்னாகரம் வட்டம்)

இன்றே கிளம்புங்கள். பிறப்பைப் பதிவதற்கும் குடியுரிமைக்கும் சம்பந்தம் இல்லை. இந்த மண்ணில் பிறந்த எந்தப் பிள்ளையையும் பதிந்தாக வேண்டும். இருபத்தொரு நாளுக்குள் என்றால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டதால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு தேவை. கிராம சுகாதாரச் செவிலியரின் தாய்-சேய் பதிவு, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவின் நகல் மூன்றையும் இணையுங்கள். பிரசவம் பார்த்த பாட்டி இருந்தால் அவருடைய வாக்குமூலமும் நல்லது.

பெற்றோர் இருவரும் இலங்கைக் குடிமக்கள் என்றால், இந்தச் சான்றிதழை வைத்துச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதியுங்கள். இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தாமதமானாலும் அனுமதி பெற்றுப் பதியலாம். செய்யாவிட்டால் இரண்டு நாட்டுக்கும் இல்லாத பிள்ளையாகிவிடும். இந்தச் சான்றிதழ் வேலைகளில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாக முகாம்களுக்கு உதவி வருகிறது. அவர்களின் தொண்டர்களிடம் கேளுங்கள்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு எங்களுக்கும் உண்டா? (நாகாவதி அணை)

உண்டு. முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அட்டை இல்லையென்றால் முகாம் அடையாளத்தோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கனடாவுக்குப் படகில் அனுப்பி அகதி அந்தஸ்து வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஐந்து லட்சம் முன்பணம். நகையை விற்கலாமா? (இளைஞர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

விற்காதே தம்பி. 2022 நவம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர்களோடு கனடாவை நோக்கிப் போன படகு பழுதாகி, வியட்நாம் அருகே கப்பல் ஒன்று வந்து காப்பாற்றியது. அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியா என்று பேச்சை மாற்றினாலும் கேட்காதே. படகில் வந்தால் குடியமர்த்துவதில்லை என்று 2013 முதல் அந்த நாடு பிடிவாதமாக இருக்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் எந்தச் சேவைக்கும் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. பணம் கேட்பவர் அவர்கள் ஆள் இல்லை. உன் அம்மாவின் தாலிக்கொடி அந்த ஆளின் வீட்டுக்குப் போக வேண்டாம்.

என் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எழுபதுகளில் அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு கொடுத்தார்கள். வருவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. 1990இல் நாங்கள் படகில் வந்து அகதிகளாகப் பதிவானோம். எங்களுக்கு வழி உண்டா? (முகாம் வாசகர், காரிமங்கலம் வட்டம்)

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேருக்கு இந்தியாவும் 3,00,000 பேருக்கு இலங்கையும் குடியுரிமை தர ஒப்புக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு கையில் வாங்கியவர்கள் பலர், 1984இல் ராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பல் நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். உங்கள் தாத்தா அவர்களில் ஒருவர்.

அந்தப் பழைய கடவுச்சீட்டு இருந்தால், எவ்வளவு செல்லரித்திருந்தாலும், அதுதான் உங்கள் குடும்பத்தின் முதல் சான்று. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் வண்ண நகல் எடுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். தோட்டத்துப் பதிவு, தாத்தாவின் பூர்வீக ஊரில் இருக்கும் உறவினரின் நிலப்பட்டா, கோவில் வரி ரசீது எல்லாவற்றையும் தேடுங்கள். முகாமில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தையே பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் வழக்கும், இந்திய வம்சாவளியினரான உங்கள் வழக்கும் ஒன்றல்ல என்பதை முதல் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். பதிவேட்டில் எல்லோரையும் ஒரே பெயரில் எழுதிவிட்டதால் இந்த வேறுபாடு மறைந்து கிடக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12இன்படி இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எப்படியும் உண்டு. குடியுரிமை வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. தருமபுரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள். போக முடியாவிட்டால் 15100க்குப் பேசுங்கள். மனுவின் முதல் பத்தியில் தாத்தாவின் கடவுச்சீட்டு எண்ணும் அது வழங்கப்பட்ட தேதியும் இருக்கட்டும்.